மணிக்கூண்டில் தொடங்காதீர்கள்

கொச்சியில் யூதர் வரலாற்றைக் காட்டும் நடைப்பயணங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன. மட்டாஞ்சேரி அரண்மனை அருகே வண்டியிலிருந்து இறங்குவார்கள். மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு பரதேசிப் பள்ளி என்ற யூத ஆலயத்துக்குள் இருபது நிமிடம் இருப்பார்கள். சீன ஓடு, பெல்ஜியம் சரவிளக்கு, பிறகு பழம்பொருள் கடைகள், சாரா கோஹனின் பூத்தையல் கடை. நடுவே யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார், "இப்போ இங்க எத்தனை யூதர்கள் இருக்காங்க?" வழிகாட்டி ஒரு எண்ணைச் சொல்வார், கூட்டம் உச்சுக்கொட்டும், நடை முடிந்துவிடும்.

அந்தக் கட்டடமும் அந்தத் தெருவும் பார்க்கவேண்டியவைதான். எனக்கு ஆறாமல் இருப்பது வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தார்கள், பள்ளிகள் எட்டு. (கொச்சியில் மசூதி, தேவாலயம், யூத ஆலயம் மூன்றுக்கும் பள்ளி என்றுதான் பெயர், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) மட்டாஞ்சேரியில் பரதேசி, கடவும்பாகம், தெக்கும்பாகம், எர்ணாகுளத்தில் இன்னொரு கடவும்பாகம், இன்னொரு தெக்கும்பாகம், வடக்கே பறவூர், சேந்தமங்கலம், மாளா. இவற்றில் பரதேசிப் பள்ளி ஒன்று மட்டும் ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னால் வந்து சேர்ந்தவர்களுடையது. அவர்கள் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். மற்ற ஏழும் அவர்களுக்கு முன்பே இங்கே வேர்பிடித்த மலபாரி யூதர்களுடையவை. ஆக, வழக்கமான நடை எட்டில் ஒன்றைக் காட்டிவிட்டு, அதையே மொத்த வரலாறு என்று சொல்லி அனுப்பிவிடுகிறது.

2019 ஆகஸ்ட் 30 அன்று சாரா கோஹன் தம் 96-ஆவது வயதில் காலமானார். உலகப் பத்திரிகைகள் எழுதின, அது நியாயமும்கூட. அந்தத் தெருவின் நினைவை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் வாசல் படியில் வைத்திருந்தவர் அவர். அடுத்த மாதமே, செப்டம்பர் மழையில், அதே யூதத் தெருவின் தென்கோடியில் மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் முன்பக்கம் இடிந்து விழுந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பாதியில் எழும்பிய கட்டடம் அது, பரதேசிப் பள்ளியைவிட மூத்தது. ஒரே தெருவின் இரண்டு முனைகள்; தினம் நூற்றுக்கணக்கானோர் வடமுனைக்கு வந்து போகிறார்கள், பத்து நிமிடம் தெற்கே நடந்தவர்கள் மிகக் குறைவு. யாரும் வராத இடத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். நடை எந்த வழியில் போகிறது என்பது எந்தக் கட்டடம் நிற்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. அந்தச் சுவர் விழுந்ததிலிருந்து இந்த நடையை எதிர்த்திசையில் நடத்தவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. எர்ணாகுளத்தில் தொடங்கி, மட்டாஞ்சேரியின் தென்கோடிக்குப் போய், பரதேசிப் பள்ளியைக் கடைசியாகப் பார்ப்பது. அப்படி நடக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாள் பார்த்துப் போகவேண்டும்

பரதேசிப் பள்ளி சனிக்கிழமை திறக்காது. வெள்ளி பிற்பகலிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளியன்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் விடுமுறை என்பதால் அந்த நாளை அடியோடு விட்டுவிடலாம். ஞாயிறன்று எர்ணாகுளம் சந்தைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அங்குள்ள பள்ளிக்கு ஒரு கடை வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் ஞாயிறும் சரிப்படாது. எஞ்சுவது திங்கள் முதல் வியாழன் வரை.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கொச்சிக்குக் குடும்பத்தோடு கிளம்ப நமக்கு வசதியான விடுமுறை ஆயுத பூஜை. யூதர்களின் நாட்காட்டியும் அமாவாசையை ஒட்டி மாதத்தைத் தொடங்குவது. பல ஆண்டுகளில் நமக்கு நவராத்திரி தொடங்கும் அதே அமாவாசையை ஒட்டி அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கும். பத்தாம் நாள் நமக்கு விஜயதசமி, அவர்களுக்கு யோம் கிப்பூர், அதாவது ஆண்டின் மிகப் புனிதமான நோன்பு நாள். 2024-இல் அக்டோபர் 12, 2025-இல் அக்டோபர் 2 என இரண்டு ஆண்டும் ஒரே நாளில் வந்தன. அதற்கு ஐந்தாம் நாள், பௌர்ணமியில், கூடாரப் பண்டிகை தொடங்கி ஒரு வாரம் நீளும். இந்த நாட்களில் பள்ளி எந்த நேரமும் பூட்டியிருக்கலாம். பூஜை விடுமுறையில்தான் போகமுடியும் என்றால், ரயில் சீட்டு போடுவதற்கு முன் யூதப் பண்டிகைத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.

எட்டுப் பேருக்கு மேல் கூட்டமாகப் போகவேண்டாம். சந்துகள் குறுகல், பத்தாவது ஆளுக்கு வழிகாட்டியின் குரல் எட்டாது. தோளும் முழங்காலும் மறைகிற உடை, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, மழை இல்லாவிட்டாலும் ஒரு குடை போதும்.

எர்ணாகுளம்: மீன்தொட்டிகளுக்குப் பின்னால்

காலை பத்து மணிக்கு மார்க்கெட் ரோட்டில் தொடங்குங்கள். காய்கறி மூட்டை, சுமை வண்டி, பிளாஸ்டிக் பொருள் கடைகளுக்கு நடுவே செடிகளும் அலங்கார மீன்களும் விற்கும் ஒரு கடை இருக்கும். அதற்குள் நுழைந்து பின்னால் போனால் எர்ணாகுளம் கடவும்பாகம் பள்ளி. வழிபாடு 1970-களில் நின்றபின் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அதன் பொறுப்பை ஏற்றிருந்த மலபாரி யூதர் ஒருவர், முன்பகுதியில் தாம் நடத்திய கடையின் வருமானத்தையும் உழைப்பையும் போட்டுக் கட்டடத்தை விழாமல் பார்த்துக்கொண்டார். 2018-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் தோரா (யூத வேதம்) சுருள் வந்தது. கடைக்குள் நுழையும்போதே "பள்ளியைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுவது மரியாதை.

கேரள யூதப் பள்ளிகளின் அமைப்பை இங்கேயே கற்றுக்கொள்வது நல்லது, மற்ற எல்லாவற்றையும் படிக்க இதுவே அரிச்சுவடி. தெருவை ஒட்டி ஒரு படிப்புரை, அதாவது வாசல் கட்டடம். அதைத் தாண்டினால் முற்றமோ மூடிய நடையோ. பிறகு அசாரா எனப்படும் முன்னறை. அதற்கப்பால் வழிபாட்டுக் கூடம். கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை, அதன் பெயர் தேவா. மேற்குச் சுவரில் தோரா சுருள்களை வைக்கும் மர மாடம், ஹேக்கல். ஜெருசலேம் இங்கிருந்து மேற்கே என்பதால் ஹேக்கலும் மேற்கில். இதுவரை உலகில் எங்கும் காணக்கூடியதுதான். இனிச் சொல்வது கேரளத்துக்கே உரியது: கிழக்கே மாடியின் முன்விளிம்பில் இரண்டாவதாக ஒரு தேவா இருக்கும். ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் தோராவை அங்கே ஏற்றி வாசிப்பார்கள். அதற்குப் பின்னால், மரச் சல்லடைத் தட்டிக்கு அப்பால், பெண்கள் உட்காருவார்கள். கீழே இருக்கும் ஆண்களைவிட மாடியிலிருந்த பெண்களுக்கே அந்த வாசிப்பு பக்கம். மலையாளத்தில் யூதப் பெண்கள் பாடிய பாட்டுகள் நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன என்பதையும் இங்கே நின்று சொன்னால் பொருந்தும்.

செப்பேட்டுக் கதையைச் சொல்லவேண்டிய இடமும் எர்ணாகுளம்தான். செப்பேடு பரதேசிப் பள்ளியின் காவலில் இருப்பதால் வழிகாட்டிகள் அங்கே போய்ச் சொல்கிறார்கள். கேட்பவர் அது பரதேசிகளுக்குக் கிடைத்தது என்று எண்ணிவிடுகிறார். கி.பி. 1000-ஐ ஒட்டி, முயிரிக்கோட்டில் இருந்த சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் கொடுத்த ஆவணம் அது. பரதேசிப் பள்ளி எழுந்தது 1568-இல். நடுவே ஐந்தரை நூற்றாண்டு. தமிழ் வாசகர்கள் கூட்டமாகப் போனால் இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, மொழியோ நம் காதுக்கு எட்டுவது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று உரிமைகள் வரிசையாக வருகின்றன. பாவாடை இங்கே நடந்துவரும் வழியில் விரிக்கும் துணி; அந்தோளகம் பல்லக்கு; காளம் ஊதுகொம்பு. சந்தைச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் நிதானமாக வாசித்துப் பொருள் சொன்னால் போதும், ஒரு வணிகக் குழுவின் தலைவர் ஊர்வலம் வருகிற காட்சி கண்முன் விரிந்துவிடும். உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் நிறுவைக் கட்டணமும், விலக்கப்பட்டதாகவும் அதிலேயே இருக்கிறது. மிளகு வணிகனுக்குப் பல்லக்கைவிட அந்த விலக்கே பெரிது என்பது என் எண்ணம்.

கூப்பிடு தூரத்தில் ஜூ ஸ்ட்ரீட்டில் தெக்கும்பாகம் பள்ளி. 1930-களில் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டியது, பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். எர்ணாகுளத்தில் மலபாரி யூதர்கள் சிலர் இன்றும் வாழ்கிறார்கள். "கடைசி யூதர்" என்று பரதேசிகளை வைத்து எழுதப்படும் செய்திகளில் இவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

தென்கோடியிலிருந்து வடக்கே

உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்கு வாருங்கள். ஆட்டோக்காரரிடம் "ஜூ டவுன்" என்று மட்டும் சொன்னால் நேரே மணிக்கூண்டு வாசலில் இறக்கிவிடுவார். தெருவின் தெற்கு முனை, கடவும்பாகம் பள்ளி என்று அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டு மணிக்கு அங்கே இருந்தால் மூன்று மணிக்கு பரதேசிப் பள்ளி மறுபடி திறக்கும்போது வடமுனைக்கு வந்துவிடலாம். வெயில்தான் விலை, குடை அதற்காகத்தான்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியைத் தெருவில் நின்று மட்டுமே பாருங்கள். 2019-க்குப் பிறகு உள்ளே போக முயல்வது ஆபத்து. 1950-களின் நடுவில் மலபாரி யூதர்கள் ஏறக்குறைய மொத்தமாக இஸ்ரேலுக்குப் போனார்கள். வழிபாட்டுக்கு ஆளில்லாமல் கட்டடம் கைமாறியது, கயிறு வேலைக்கும் சரக்கு வைக்கவும் மாடு கட்டவும் பயன்பட்டது. வெட்டுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட இத்தகைய சுவர்களுக்கு முதல் எதிரி கூரை ஒழுகல். ஓடு நகர்ந்து ஒரு இடத்தில் தண்ணீர் இறங்கினால் காரை கரையும், காரை போன இடத்தில் செங்கல் நிறக் கல் மழையை உறிஞ்சும், உத்தரத்தின் முனை மக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றினால் நானூறு ஆண்டு நிற்கும், மாற்றாமல் விட்டால் ஒருநாள் மழையில் விழும். உள்ளே இருந்த செதுக்கு மரவேலைகளை ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கி, 1990-களில் அங்கே ஒரு முழுப் பள்ளியாகப் பொருத்தி வைத்தது. இத்தாலி, ஜெர்மனி, சூரினாம் பள்ளிகளின் உட்புறங்களோடு கொச்சியும் அங்கே ஒரு கூடமாக நிற்கிறது. தோல் இங்கே, உள்ளுறுப்பு அங்கே. இதை எண்ணி ஜெருசலேமைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் மரத்தை எடுத்துப் போயிருக்காவிட்டால் அதுவும் அந்த மழையில் போயிருக்கும்.

பக்கத்துச் சந்துகளில் விசாரித்தால் நெஹேமியா மோத்தாவின் கல்லறைக்கு வழி சொல்வார்கள். 1615 டிசம்பரில், ஹனுக்கா விளக்குப் பண்டிகையின் முதல் நாளில் மறைந்த கவிஞர், ஞானி. சுற்றியிருந்த மலபாரி இடுகாடு வீடுகளாக மாறிவிட்டது, வெள்ளையடித்த இந்த ஒரு சமாதி மட்டும் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அக்கம்பக்கத்து இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இது யாரோ ஒருவருடைய வாசல் என்பதை நினைவில் வைத்து, குரலைத் தாழ்த்தி, இரண்டிரண்டு பேராகப் போங்கள்.

அங்கிருந்து யூதத் தெருவில் வடக்கே நடக்கும்போது கடைப் பலகைகளை விட்டுவிட்டு வாசல் நிலைகளைப் பாருங்கள். வலதுபுற நிலைக்காலில், மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்தான் மெசூசா, அதாவது வேத வாசகச் சுருள் வைத்த சிறு பேழை, பதிப்பது வழக்கம்; சில நிலைகளில் அதன் தடம் இன்னும் தெரியும். ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கும். இன்று காஷ்மீர் வணிகர்களின் கைவினைக் கடைகளாக இருக்கும் பல கூடங்கள் முன்பு இஞ்சி, மிளகுக் கிடங்குகள். மூன்றாவதான தெக்கும்பாகம் பள்ளி 1960-களில் இடிக்கப்பட்டது. காட்ட எதுவும் இல்லை என்றாலும், இங்கே இருந்தது என்று நின்று சொல்லவேண்டும்.

முன்னறை

மூன்று மணிக்குப் பள்ளி திறந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குள் போய்விடுவார்கள், கண் சீன ஓடுகளுக்குப் போய்விடும். அவசரப்படாமல் அசாராவிலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். முழு நடையும் வந்து முட்டுகிற இடம் இந்தச் சின்ன முன்னறைதான்.

பரதேசி யூதர்கள் கொண்டுவந்த அடிமைகளில் மதம் மாறி விடுதலை பெற்றவர்களும் அவர்கள் சந்ததியும் மெஷுஹ்ரரீம் எனப்பட்டார்கள். அதே பள்ளி, அதே வழிபாடு, ஆனால் கூடத்துக்குள் அவர்களுக்கு இருக்கை கிடையாது. முன்னறையில், தரையில், படியில் உட்காரவேண்டும். தோரா வாசிக்க அழைப்பு வராது. பரதேசிக் குடும்பங்களோடு மண உறவு இல்லை. மலபாரி யூதர்களையும் பரதேசிகள் சமமாக நடத்தியதில்லை. "வெள்ளை யூதர், கறுப்பு யூதர்" என்று பழைய நூல்களும் சில பலகைகளும் சொல்வது இந்தப் பிரிவினையைத்தான். அந்தச் சொற்களைத் தவிர்த்து, மலபாரி, பரதேசி என்றே பேசும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள். யார் எந்தப் படியில் நிற்கலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. ஒரு கோயில் வாசலில் நடந்தது என்று சொன்னால் எதையும் விளக்கவேண்டியிருக்காது.

ஆப்ரகாம் பராக் சேலம் அந்த மெஷுஹ்ரரீம் மரபில் 1882-இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து சட்டம் படித்தார், கொச்சியில் வழக்கறிஞரானார், கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். நாட்டுக்காகக் கற்ற சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்தப் பள்ளியின் வாசலுக்குக் கொண்டுவந்தார். வழிபாட்டைப் புறக்கணித்து விலகிப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளோடு வந்து, ஒதுக்கிய இடத்தில் இருந்துகொண்டே, ஏன் என்று கேட்டார். முதலில் கூடத்துக்குள் பின்வரிசையில் இடம் கிடைத்தது. 1940-களில் தோரா வாசிக்கவும் அழைப்பு வந்தது. மண உறவுத் தடை மட்டும் அசையவில்லை. 1950-இல் அவர் மகன் பால்ஃபர், பரதேசிகளின் முன்னணிக் குடும்பமான கோடர் வீட்டுப் பெண்ணை மணந்தார். கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாயில் நடந்த திருமணம் அது. சேலம் 1967-இல் மறைந்தார், இந்தத் தெருவுக்கு இன்று அவர் பெயர்.

இதைக் கேட்டுவிட்டு அந்த ஒரு நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் போங்கள். இனி எல்லாவற்றையும் தாராளமாகப் பார்க்கலாம். கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்தவை. கொண்டுவந்தவர் எசக்கியேல் ரஹாபி, டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகர். 1760-ஐ ஒட்டி மணிக்கூண்டைக் கட்டியவரும் அவரே. ஹீப்ரு, ரோமன், மலையாளம் என்று முகத்துக்கு முகம் எண்கள் மாறும். யார் எந்தத் திசையிலிருந்து நேரம் பார்ப்பார்கள் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார். 1662-இல் போர்ச்சுகீசியர் சேதப்படுத்தி, டச்சுக்காரர்கள் வந்தபின் இந்தப் பள்ளி மீண்டது. 1968-இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வெளியானது. வெளியே வரும்போது அரண்மனைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். பழையன்னூர் பகவதி கோயிலும் இந்தப் பள்ளியும் அடுத்தடுத்து நிற்கின்றன, கொச்சி அரசர் தம் கோயிலுக்குப் பக்கத்திலேயே கொடுத்த இடம் இது.

இன்னொரு நாள் கையில் இருந்தால்

வடக்கே பறவூரும் சேந்தமங்கலமும் ஒன்றுக்கொன்று பக்கம். எர்ணாகுளத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு பள்ளிகளும் இப்போது முசிறி மரபுத் திட்டத்தின் அருங்காட்சியகங்கள், திங்களன்று விடுமுறை. நடையைத் திங்களில் வைத்துக்கொண்டு செவ்வாயன்று வடக்கே போவது தோது. சேந்தமங்கலம் பள்ளியின் முன் நிற்கும் சாரா பத் இஸ்ரேலின் கல்லறைக் கல் 1269-ஆம் ஆண்டினது, இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய ஹீப்ரு கல்லறை எழுத்து.

பறவூரில் முழு அமைப்பும் இருக்கிறது. படிப்புரை, தூண் நடை, அதன் மேலேயே படிப்புரையிலிருந்து மாடிக்குப் பெண்கள் போக ஒரு தனி வழி. பிரித்துப் பிரித்துக் கற்றதை இங்கே ஒரே மூச்சில் நடந்து பார்க்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டியவர் தாவீது காஸ்தியேல் முதலியார். முதலியார் என்பது யூத சமூகத்தின் தலைவருக்குக் கொச்சி அரசர் கொடுத்த பட்டம். ஹேக்கலுக்கு முன் நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது நகல். மூல ஹேக்கல், மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் மரக்கூரைக்கு அடியில் ஜெருசலேமில் இருக்கிறது. ஆகையால் முதல் நாள் அந்த இடிந்த சுவரைப் பார்க்காமல் பறவூருக்கு நேரே போனால், எதற்கு நகல் என்று வழிகாட்டி சொன்னாலும் பாதிதான் புரியும்.